சுத்தமான அடித்தட்டு

காலை ஏழு மணி. தெல்மீராவின் தேனீப் பெட்டிகளில் சத்தமே இல்லை. ஒன்றைத் திறந்தால் தேன் அப்படியே இருக்கிறது, தேனீக்களைத்தான் காணோம். அடுத்ததிலும் அதே கதை.

வேலிக்கு அப்பால் சோயா போட்டிருக்கும் அன்செல்மோ போன வாரம்தான் பூச்சிமருந்து அடித்திருந்தான். அவன் பெயரைக் காவல் ஆய்வாளர் ஒலிவேராவிடம் சொன்னது இடலினா. உருகுவேயின் அந்தப் பக்கத்துத் தேன் சங்கத்தில் எந்தப் புதுக் கருவி வந்தாலும் தேறுமா தேறாதா என்று சொல்பவள் அவள். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அன்செல்மோவை வேலியோரம் நின்ற ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இடலினாவுக்குச் சந்தேகம் வந்தது. மருந்துபட்ட தேனீ வாசலில் குவியலாகச் செத்துக் கிடக்கும். இங்கே வாசலில் ஒன்றுகூட இல்லை. தேனடை அறைகளின் கூரையில் வெள்ளைப் புள்ளிகள், தேனீக்களை உறிஞ்சிக் கொல்லும் வரோவா உண்ணியின் எச்சம். மிஞ்சிய ஒரு தேனீ, சுருங்கிய சிறகோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

உண்ணியா? கோடையில் தெல்மீராவின் பாதிப் பெட்டிகளில் உண்ணியை ஒலியால் ஒழிக்கும் என்று விற்ற ரீங்காரக் கருவியை மாட்டி இடலினாவே சோதித்தாளே! கருவி இல்லாத பெட்டிகளின் அடித்தட்டில் உண்ணிகள் விழுந்து கிடந்தன. கருவி உள்ளவற்றில் தட்டு பளிச்சென்றிருந்தது. உள்ளே உண்ணியே இல்லை, கருவி தேறியது என்றாள். தெல்மீரா எல்லாப் பெட்டிக்கும் கருவி வாங்கினாள். அதை நம்பி, சங்கத்தில் பலர் உண்ணிக்கு வைக்கும் இலையுதிர் கால மருந்துப் பட்டையை வைக்கவே இல்லை.

"சோதிச்சப்போ, விழுந்த உண்ணி ஒட்டிக்க தட்டுல கிரீஸ் தடவினியா?" என்று தெல்மீராவிடம் கேட்டாள்.

"நீங்கதான வேண்டாம்னீங்க, டாக்டரம்மா. பெட்டிக்கால் எண்ணெய் டப்பாவுக்குள்ள நிக்குது, எறும்பு எப்படி ஏறும்னீங்க."

இடலினாவின் முகம் சுட்டது. குனிந்து பார்த்தாள். டப்பாக்களில் எண்ணெய் நிறைந்திருந்தது. ஆனாலும் பெட்டிக்குள் எறும்புகள் தேனை மொய்த்தன. கருவியிலிருந்து புல்லில் கிடந்த பேட்டரிக்கு ஒரு ஒயர் தொங்கியது. அதன் மேல்தான் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன.

அடைகளில் செத்துக் கிடந்த தேனீக் குஞ்சுகளை உதறி, விழுந்த உண்ணிகளை ஒரு தட்டில் போட்டு உள்ளே செருகினாள். மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளை இரண்டு சுற்று வருவதற்குள் தட்டு காலி.

"இப்ப குற்றவாளி யாரு?" என்றார் ஒலிவேரா.

"கருவி ஒரு உண்ணியைக்கூடக் கொல்லல. விழுந்ததை எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கு. கருவி இல்லாத பெட்டிக்கு ஒயர் இல்ல, அதான் அங்க மட்டும் கிடந்துச்சு. சுத்தமான தட்டைப் பார்த்து நான் ஏமாந்தேன். இந்தப் பெட்டிங்க அழிஞ்சது என்னாலதான். அன்செல்மோவை விடுங்க."

தெல்மீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வசவாவது விட்டிருந்தால் தேவலை என்று இடலினாவுக்குத் தோன்றியது. செத்த பெட்டிகளைவிடவும், யோசிக்காமல் ஒருவனைக் கைகாட்டியதுதான் அவளைக் கூசவைத்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அன்செல்மோவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"என்கிட்ட அப்புறம் கேளுங்க. என் மச்சான் உங்க பேச்சை நம்பி மருந்து வைக்கல. அவன் தேனீ இன்னும் உசுரோட இருக்கு. முதல்ல அங்க போங்க."

மச்சான் வீடு எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தாள்.