எல்லாம் விழுந்த பிறகு

அது அறுபத்தொன்பதாம் வருஷம். கோவில்பதாகைப் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புச் சாமுண்டீஸ்வரிக்குக் கடைசி பெஞ்சு கிடைத்ததற்கு அவளுடைய கால்கள்தான் காரணம். அவை அவளைக் கேட்காமலே நீண்டு வளர்ந்துவிட்டன.

பால்ராஜ் சாரின் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கரும்பலகையில் அவர் ஒரு சொல்லை எழுதுவார். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. முடியாதவர் பெஞ்சு மேல் ஏற வேண்டும். அடுத்து வரும் விளையாட்டு வகுப்புக்கும் போக முடியாது. ஆரம்பம் எப்போதும் முதல் பெஞ்சுதான்.

அன்று விளையாட்டு வகுப்பில் கோ-கோ அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சார் எழுதிய சொல், 'ஃபால்'. விழுவது.

முதல் பெஞ்சு சகாயமேரி மழையை விழவைத்தாள். கோவிந்தராஜ் இலையை உதிர்த்தான். விலை இறங்குவது, இருட்டுவது, காய்ச்சலில் படுப்பது, தூங்கிப்போவதுகூட ஃபால்தான் என்று சார் எடுத்துக் கொடுத்தார். நடு பெஞ்சுகள் அவற்றையும் அள்ளிக்கொண்டன. கடைசி பெஞ்சுக்கு வந்தபோது உலகத்தில் விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிந்திருந்தது.

கன்னியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெஞ்சின் ஒரு முனையில் ஏறினான். அவனும் கோ-கோவுக்காக வாரம் முழுக்க ஓடிப் பழகியவன். சாமுண்டீஸ்வரி மறுமுனையில் ஏறினாள். பெஞ்சு ஆடியது.

"உழப்போறா பாரு" என்றான் கோவிந்தராஜ். வகுப்பே சிரித்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து நின்றாள்.

"ஐ வில் நாட் ஃபால், சார்."

சிரிப்பு நின்றது. விழாமல் இருப்பதைப் பற்றி அதுவரை யாருமே சொல்லவில்லை.

"சரியான வாக்கியம். எறங்கு, வெளையாடப் போ" என்றார் சார்.

"எறங்க மாட்டேன் சார்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"இந்த பெஞ்சுக்கு ஒரு காலு குட்ட சார். நான் எறங்கினா அந்தாண்ட நிக்கிற கன்னியப்பன் உழுந்துடுவான்."

அவனும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கட்டும் என்றார் சார்.

"இன்னாத்த சொல்றது? மழ, எல, காச்சலு, அல்லாத்தையும் முன்னாடி கீறவங்களே எடுத்துக்கினாங்க. ஒரு வாட்டி எங்க பெஞ்சுலேர்ந்து ஆரம்பிங்க சார். அப்பவும் அவன் சொல்லலன்னா ரெண்டு பேரும் சாய்ங்காலம் வரிக்கும் நிக்கிறோம்."

சார் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். அவரும் நல்ல உயரம். படிக்கும்போது எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாரோ. பலகையைத் துடைத்துவிட்டு 'ரன்' என்று எழுதினார்.

"கன்னியப்பா, மொதல்ல நீ."

"ஐ ரன், சார்" என்றான் கன்னியப்பன்.

இருவரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள். சார் தலையாட்டி முடிப்பதற்குள் பாதி மைதானம் தாண்டிவிட்டார்கள்.

ரன்னை வைத்து என்ன சொல்லலாம் என்று முதல் பெஞ்சு அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தது.