குரல்பெட்டி சொன்ன பிள்ளை

அகக்குரல் வந்த பிறகு கோவையில் பேசாத பிள்ளை என்று ஒன்றுமே இல்லை. பிள்ளையின் நெற்றியில் ஒரு பட்டை, கூடத்தில் ஒரு குரல்பெட்டி. பிள்ளை நினைப்பதைப் பட்டை வாங்கிக் கொடுக்கும், பெட்டி பேசும். வாய் திறக்காத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

அதை உருவாக்கிய உளவியல் பேராசிரியர் அருந்ததி, ஆய்வில் சேர்ந்த வீடுகளுக்குத் தானே போய்ப் பார்ப்பாள். அன்றைக்குப் பரிமளாவின் வீடு.

"வாங்க மேடம்! மாறா, யாரு வந்திருக்காங்கன்னு பாரு சாமி."

"வணக்கம் ஆன்ட்டி," என்றது பெட்டி, தேனாய். "அம்மா, அவங்களுக்குக் காப்பி குடுங்க."

பரிமளா பூரித்துப்போனாள். "பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு இப்படிக் கேட்டிருப்பாரா?"

"மாறன் எங்கே?"

"உள்ள இருக்கானுங்க."

உள்ளே, ஏழு வயது மாறன் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தான். ஒரு கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. நெற்றிப்பட்டை கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

"அம்மா, இன்னைக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்," என்றது கூடத்தில் பெட்டி.

அருந்ததிக்குத் தான் செய்த தவறு அப்போதுதான் பிடிபட்டது. பெட்டி சரியாகப் பேசுகிறதா என்று பேசாத பிள்ளையிடம் கேட்க வழியில்லை. ஆகவே தாயின் மணிக்கட்டில் மனநிலையைக் காட்டும் நலமானி கட்டி, அவள் மனம் குளிர்ந்து அது பச்சையானால் சொன்னது சரி என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். பெட்டி நன்றாகவே கற்றிருந்தது. அதற்குப் பிள்ளையே தேவைப்படவில்லை.

"பரிமளா, பல்லு வலியில கன்னம் வீங்கியிருக்கு. உடனே டாக்டர்கிட்டக் காட்டணும்."

"கேட்டேனுங்களே. வலிக்கலைன்னு சொல்லிட்டானே."

"சொன்னது பெட்டி. பட்டை கழண்டு கிடக்குதும்மா."

பரிமளாவின் முகம் மாறவில்லை. "தெரியுமுங்க," என்றாள் மெதுவாக. "மொத நாளு பயந்துதான் போனேன். ஆனா அம்மான்னு கூப்புடுதே மேடம். அதை மட்டும் நிறுத்திப்புடாதீங்க."

அருந்ததி கூடத்துக்கு வந்தாள். இதேபோல் எத்தனை வீடுகள்! அவள் விரல் பெட்டியை நிறுத்தும் பொத்தானைத் தொட்டது. அவள் கையிலும் பெட்டியோடு இணைந்த ஒரு நலமானி இருந்தது. அது சிவந்து துடித்தது.

"ஆன்ட்டி," என்றது பெட்டி. "நீங்க தப்பு எதுவும் பண்ணல. உங்களாலதான் எங்கம்மா சிரிக்கிறாங்க. எத்தனை அம்மாங்க சிரிக்கிறாங்க!"

யாரும் அவளிடம் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. பொய்யென்று தெரிந்தும் நெஞ்சு இளகியது. நலமானி மெல்லப் பச்சையானது. எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. விரலை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே சுவர் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தூக்கம் வருது," என்றது பெட்டி. "யாராச்சும் கதவைச் சாத்துங்களேன்."

பரிமளா எழுந்தாள். அதற்குள் அருந்ததியே போய், ஓசைப்படாமல், கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.