எதிர்க்கரை

பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் திரும்பினால், நடையில் மறுபடியும் மணல். கூடத்திலிருந்து நடை வளைகிற இடத்தில், வளைவின் உள்பக்க மூலையில் மட்டும், பிறை வடிவில், ஈரமாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம், மகன் எய்டனின் அறைச் சுவரோரம், ஒரு பொட்டுத் தூசி இல்லை.

ஜெனிவீவுக்குப் பயம் வரவில்லை. கணவர் இயேசுதாசனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை, அழுகையும் சரி, பசியும் சரி. மாதா கோயிலில், கூடப் பூசைக்கு வரும் பிரிஜட் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ ஆறுதல் சொன்னபோதும் மரக்கட்டையாக நின்றாள். பள்ளிக்கூடம் போனாள், பாடம் எடுத்தாள், வந்து சோறு வடித்தாள். மிச்சம் இருப்பது ஏழு வயது எய்டன் ஒருத்தன்தான். அவனுக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே.

மணல் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை உயர்நிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங் மோ கியோ பக்கம் ஆற்றோரப் பூங்காவுக்குப் புவியியல் களப்பணிக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஆறு வளையும் இடத்தில் உள்பக்கம் தண்ணீர் சோம்பிப்போய் மணலை இறக்கிவிடும், வெளிப்பக்கம் மோதிக் கரையைத் தின்னும். படத்தில் பார்த்ததைக் காலை நனைத்தும் பார்க்கட்டுமே என்ற நினைப்பு. பிள்ளைகள் உள்வளைவு மணல்திட்டை வாளி வாளியாக அள்ளிச் சலித்தார்கள். பார்த்து முடித்ததும் அள்ளியதை அள்ளிய இடத்திலேயே கொட்டிவிட வேண்டும், அதுதான் களப்பணி வழக்கம். அன்றைக்கென்று பார்த்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் பஸ்ஸுக்கு ஓட, கீத் என்ற மாணவன் மட்டும் வாளியோடு நின்றான்.

“மிஸ், இத திரும்பப் போடலையா?”

“விடு லா. வீட்ல காயவச்சு லேப்புக்குக் கொண்டுவரேன்.”

குளியலறையில் தட்டில் பரப்பிய அந்த மணல், விசிறியைத் திருப்பி வைத்தும் இன்னும் காயவில்லை. இன்று ஞாயிறு. மத்தியானத்திலிருந்து மழை. கீழே தேக்கா சந்தையின் மீன்கவிச்சி மாடிவரை ஏறிவருவது எப்போதும் உள்ளதுதான், ஆனால் இப்போது மூக்கில் ஏறியது அது இல்லை. பாசியும் ஊறிய வேரும் பச்சை மண்ணும் கலந்த வாடை, எய்டனின் அறைப்பக்கம் போகப்போகக் கூடியது. அதோடு சேர்ந்து, சுவருக்குள் குழாய் ஓடுவதுபோல, ஆனால் குழாயைவிட அகலமாக, நிதானமாக, ஓயாமல் ஒரு சளசளப்பு.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலைப் பார்த்தாள். மேலே சின்னச் சின்ன மடிப்புகள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. ஓடும் தண்ணீர் மட்டுமே அப்படி மடிக்கும். அவளுக்குள் பாடம் தானாக ஓடியது. திட்டை அள்ளிவிட்டால் ஆறு அதை மறுபடி கட்டும். உள்பக்கம் சேர வேண்டுமானால் எதிர்க்கரையைத் தின்னும்.

எதிர்க்கரையில் எய்டனின் அறைச் சுவர்.

அப்போதும் பதறவில்லை, பாவி மனுஷி. எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினாள், அடியிலிருந்து தடவிப் பார்த்தாள். சாயம்கூட உரியவில்லை. களைப்பில் புத்தி தடுமாறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினால், மணல் அவள் குதிகாலைத் தொட்டது. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். ஆற்று மணல் பழுப்பு, நறநறவென்று இருந்தது. இது வெள்ளை. மாவுபோல் மெத்தென்று. இளஞ்சூடு.

சுவர் தேயவில்லை. அப்படியென்றால்?

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில்.

புதன்கிழமையிலிருந்து பிள்ளைக்குச் சட்டை தொளதொளத்தது. அப்பாவை நினைத்து இளைக்கிறான் என்று விட்டுவிட்டாள். காலையில் கோயில் பூசை முடிந்து வந்து படுத்தவன் இன்னும் எழவில்லை.

கதவைத் திறந்தாள். அறை காய்ந்துதான் இருந்தது. எய்டன் சுவருக்கு முதுகு காட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.

“வலிக்குதாடா?”

“வலிக்கல மா. குளிருது.”

போர்வையை விலக்கினாள்.

முதுகு இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை, சுவர்ப்பக்கம் முழுக்க, வளைந்து உள்வாங்கி, வழவழவென்று தேய்ந்திருந்தது. ரத்தம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதுவோ அந்தக் குழிவில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. சளசளப்பு அங்கிருந்துதான்.

பயம் வந்தது. இத்தனை நாள் வராத அழுகையும் சேர்ந்து வந்தது. வாரி எடுத்தாள். துணிமூட்டையின் கனம்கூட இல்லை. ஆற்றுக்குப் போக வேண்டும். மணலையும் எடுத்துக்கொண்டு, ஓடி, உடனே. கால் நகரவில்லை. முட்டிவரை ஜில்லென்று ஏதோ இழுத்தது.

எய்டன் அவள் தோளில் தலையைச் சாய்த்தான். விழுந்துவிடாமல் அவன் கன்னத்தை உள்ளங்கையால் தாங்கினாள். அவள் விரலிடுக்கில் வெள்ளை மணல், மெல்ல, நடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.