கடைசி பஸ்ஸுக்கு விஷம் வைத்தது யார்?

போன் அலறியது!

பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"சார்... கடைசி பஸ் விழுந்துடுச்சு சார்!"

ஏட்டுவின் குரல். தேம்பித் தேம்பி அழுகிறார்!

ஊருக்குப் புதுசாய் வந்த இன்ஸ்பெக்டராக இருந்தால், 'எந்தப் பள்ளத்தில்?' என்று கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. அந்தப் பெயருக்கு ஊரில் ஒரே சொந்தக்காரன்தான்.

நாலு கால். செம்பட்டை நிறம். நீண்ட தூரப் பந்தயங்களின் ராஜா!

எல்லாருக்கும் பின்னால், ஆடி அசைந்து, என்னமோ கடைக்குப் போகிற மாதிரிதான் ஓடுவான். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். மற்ற குதிரைகளுக்கு நாக்குத் தள்ளுகிற இடத்தில்தான் இவனுக்கு ஓட்டமே ஆரம்பிக்கும். அப்புறம் பார்க்க வேண்டுமே! லேட்டாக வந்தாலும் வராமல் இருக்க மாட்டான்... அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் அது.

இன்ஸ்பெக்டரும் ரசிகர்தான். மனைவியின் படம் பர்ஸுக்குள். குதிரையின் படம் ஸ்டேஷனில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில். ஏன் அப்படி என்று மனைவி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை.

இன்று மத்தியானம் அவனுடைய கடைசிப் பந்தயம். அதோடு ஓய்வு.

"விழுந்துடுச்சுன்னா? கால் தடுக்கியா?"

"இல்ல சார்! தரையில கிடந்து புரளுது... விஷம் வெச்சுட்டாங்கன்னு மேடம் கதர்றாங்க!"

நுரையைத் துடைக்கக்கூட நிற்காமல் ஜீப்பில் பாய்ந்தார் இன்ஸ்பெக்டர்.

லாயத்தின் கேட்டுக்கு வெளியே ஜனத்திரள். உள்ளே...

அந்தப் பெரிய உடம்பு வைக்கோலில் புரண்டுகொண்டிருந்தது. மேலெல்லாம் வியர்வை. தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்தான். கடித்தான். மறுபடி புரண்டான்.

தலைமாட்டில் மண்டி போட்டிருந்தாள் பயிற்சியாளர் அம்மாள்.

"சார், பொறந்த அன்னிக்கே இவன் அம்மா செத்துட்டா. பாட்டில்ல பால் கொடுத்து நான்தான் வளர்த்தேன். கப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் சார். இவன் உசிரோட இருந்தா போதும்!"

கால்நடை டாக்டர் குதிரையின் மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயைச் செலுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன விஷம் டாக்டர்?"

"அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டியவர் நீங்க! என்னன்னு தெரிஞ்சாதான் மாத்து மருந்து. ஓடுங்க சார்!"

"வாந்தி எடுக்க வெச்சுட்டா?"

"குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது அந்த வழியாத் திரும்பி வராது."

இன்ஸ்பெக்டர் ஏட்டுவின் பக்கம் திரும்பினார். பார்வையிலேயே பொசுக்கினார்.

"மிரட்டல் போன் வந்துச்சுன்னுதானேய்யா உன்னை இங்க காவலுக்குப் போட்டேன்? யார் உள்ள வந்தது?"

"ஒரு ஈ காக்காகூட வரல சார்!"

"ஈயும் காக்காயும் விஷம் வைக்காதுய்யா! மனுஷன்?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினார்.

"வெளியாள் யாரும் வரல சார்... நம்ம ஆளுங்கதான்."

"நம்ம ஆளுன்னா யாரு?"

"எதிர் லாயத்து மாஸ்டர் வந்தாரு..."

எதிர் லாயமா! இன்றைய பந்தயத்தில் எதிர்த்து ஓடும் குதிரையின் சொந்தக்காரனா!

அடுத்த நிமிடம் அந்த மாஸ்டரின் சட்டைக் காலர் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது.

"சொல்லுய்யா! என்னத்தைக் கொடுத்தே?"

"ஆப்பிள் சார்! ரெண்டே ரெண்டு ஆப்பிள்!" மாஸ்டர் பொலபொலவென்று அழுதார். "என் குதிரைங்களை இவன் எத்தனை தடவை மண்ணைக் கவ்வ வெச்சிருக்கான்... அத்தனை தடவையும் எழுந்து நின்னு கை தட்டியிருக்கேன் சார்! கடைசி ஓட்டமாச்சே, மனசு கேக்கல..."

"ஆப்பிள் கொல்லாது. வேற என்ன?" என்று கத்தினார் டாக்டர்.

ஏட்டு இருமினார்.

"அப்புறம்... நம்ம டீச்சர் வந்தாங்க சார்."

கணக்கு டீச்சர். கடைசி பஸ் ரசிகர் மன்றத்தின் தலைவி. கேட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். அந்த அம்மாள் பயப்படவே இல்லை. நேராகப் பயிற்சியாளரிடம் போய் விரலை நீட்டினாள்.

"விஷம் கிஷம்னு நடிக்காதீங்கம்மா! விடிஞ்சதும் வந்து பார்த்தேனே! தொட்டி துடைச்சு வெச்ச மாதிரி காலி! நெஞ்சுல ஈரமே இல்லாம குழந்தையைப் பட்டினி போட்டிருக்கீங்க. போட்டோ எடுத்து மன்றத்து குரூப்ல போட்டுட்டேன்!"

பயிற்சியாளர் அம்மாளின் முகம் வெளுத்தது.

"ஐயோ... பந்தய நாள்ல எந்த லாயத்துலயும் தொட்டியைக் காலி பண்ணிடுவாங்கம்மா! வயிறு முட்டத் தின்னுட்டு அவ்வளவு தூரம் ஓட முடியுமா? இத்தனை வருஷமா ரசிகர்னு சொல்றீங்க, இது தெரியாதா?"

"அவன் ஓடறதைத்தானே பார்த்திருக்கோம்..." டீச்சரின் குரல் தடுமாறியது. "சாப்பிடறதை நாங்க எங்க பார்த்தோம்?"

"நீங்க என்ன கொடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரொட்டி. ஒரே ஒரு ரொட்டி. ஏட்டையா ரொம்ப நல்லவர்... பசின்னதும் விட்டுட்டாரு."

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

போட்டோ போட்டாயிற்று. குரூப்பில். விடிகாலையில்...

ஜீப்பில் கிடந்த கை மைக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்.

"குதிரைக்கு யாரெல்லாம் தின்னக் கொடுத்தீங்க? மறைக்காதீங்க! யாரையும் உள்ள போட மாட்டேன். கையைத் தூக்குங்க!"



ஒரு கை எழுந்தது. தபால்காரர்.

அப்புறம் பேக்கரிக்காரர். அப்புறம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அந்தக் குழந்தையின் கையையும் அவளே தூக்கிப் பிடித்தாள்.

அப்புறம்... அப்புறம் எண்ணவே தேவை இருக்கவில்லை. தூக்காத கையைத் தேட வேண்டியிருந்தது!

"ஒண்ணே ஒண்ணுதான் சார்!"

"நான் பாதிதான் கொடுத்தேன்!"

"ஆசையா வாங்கித் தின்னான் சார், எப்படி இல்லைன்னு சொல்றது?"

"வேற யாரும் கொடுத்திருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்..."

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பின்னால் திரும்பினார். ஏட்டுவின் கையும் மேலே இருந்தது.

"அடப்பாவி... நீயுமா!"

"காலையில வீட்ல கட்டிக் கொடுத்தது சார். என் சாப்பாடுதான்..."

டாக்டர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

"விஷம்னா மாத்து மருந்து இருக்கு சார். ரொட்டிக்கு ஏது? உள்ள ஊறி உப்பி, பிசைஞ்ச மாவாட்டம் அடைச்சுக்கிட்டிருக்கு. தண்ணி விட்டா குழாயில ஒண்ணும் திரும்பி வரல."

"ஆபரேஷன் பண்ணுங்க!"

"அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணும். இருக்கற ஊருக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதுக்குள்ள தாங்க மாட்டான்."

"ஏதாவது பண்ணுங்க டாக்டர்!"

"பண்ணிக்கிட்டுதானே இருக்கேன்!" டாக்டரின் குரல் உடைந்தது.

இன்ஸ்பெக்டரின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஜீப்பில் விலங்கு இருந்தது. எதிரில் கொலைகாரர்கள் ஊர் திரண்டு நின்றார்கள், அவர்களே ஒப்புக்கொண்டும் விட்டார்கள். ஆனால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. சுவரில் சாய்ந்து நின்று, அந்தக் குதிரை புரளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவும் முடியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது!

கடைசி பஸ் புரளுவதை நிறுத்தினான்.

முன்னங்காலை ஊன்றினான். ஒரு உந்து... எழுந்து நின்றுவிட்டான்!

உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினான். கண்ணில் வலி இல்லை. மெல்ல வந்து பயிற்சியாளர் அம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"எழுந்துட்டான்டா!"

கேட்டில் யாரோ கத்த, தெருவே அதிர்ந்தது! தபால்காரர் பேக்கரிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். எதிர் லாயத்து மாஸ்டர் குதித்த குதி இருக்கிறதே!

"டாக்டர்! வலி நின்னுடுச்சு டாக்டர்! பாருங்க, சாதுவா நிக்கறான்!" பயிற்சியாளர் அம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. குதிரையின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். ஊதா பூத்திருந்தது. ஓசைப்படாமல் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

"என்ன டாக்டர்? நல்லதுதானே?" என்று கிசுகிசுத்தார் இன்ஸ்பெக்டர்.

"வயிறு கிழிஞ்சிருச்சு சார்."

"என்னது!"

"அதான் வலி நின்னுடுச்சு. அழுத்தம் விட்டுப் போச்சு. கொஞ்ச நேரம் இப்படித்தான் அமைதியா இருப்பான். அப்புறம் துடிக்க ஆரம்பிச்சுடுவான். அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடணும். அவ்வளவுதான் இனிமே என்னால முடிஞ்சது." டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்த அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

வெளியே ஆரவாரம் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் மைக்கை வாய்க்குக் கொண்டு போனார். இறக்கிவிட்டார்.

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"சார்... கேஸ் யார் மேல சார் போடறது?"

"போய்யா! இந்தக் குதிரையைப் பிடிக்காதவன்னு ஊர்ல ஒருத்தன் இருந்திருந்தா, உன்னை விட்டுட்டு அவனைக் காவலுக்குப் போட்டிருப்பேன்!"