ஃப்ளாஷ் அடித்தது யார்?

"ஐயோ...!"

அலறியவள் நர்ஸ். ட்யூட்டி முடிந்து நேராக வந்தவள். வெள்ளை யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

ஸ்டூடியோ தரையில் அவள் கணவன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் வளைந்துபோன லைட் ஸ்டாண்ட்.

செத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது!

"நடிப்பு பிரமாதம், அண்ணி!"

வாசலில் சாய்ந்தபடி கை தட்டினான் கொழுந்தன். ஊரின் பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் அவன்தான் போட்டோகிராபர். போலீசுக்கு போன் செய்தவனும் அவனே.

இன்ஸ்பெக்டர் செத்தவனின் கேமராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னிக்கு மத்தியானம் ரெண்டு நாப்பது. உன் புருஷன் எடுத்த கடைசி போட்டோ. இதுல நிக்கிறது யாரு?"

"நான்தான்... ஆனா இது போன மாசம் எடுத்தது சார்! கொழுந்தனார்தான் எடுத்தாரு, ஐ.டி. கார்டுக்குன்னு!"

"நானா?" அவன் சிரித்தான். "அண்ணனோட டப்பா கேமராவத் தொட்டா எனக்குக் கை கூசும். தேதியப் பாருங்க அண்ணி!"

"தேதிய மாத்தத் தெரியாதவனா நீ?"

"ரெண்டு நாப்பதுக்கு எங்கம்மா இருந்தே?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"பஸ் ஸ்டாப்புல சார்."

"பஸ் வந்து சாட்சி சொல்லுமா? யூனிஃபார்மும் அதே யூனிஃபார்ம்!"

"நர்ஸ் தினமும் வேற என்ன சார் போடுவா?"

"வாய்க்கொழுப்பு! ஏறு ஜீப்புல!"

பெண் காவலர் அவள் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம் சார்..."

பிணத்தைப் படமெடுத்துக் கொண்டிருந்த போலீஸ் போட்டோகிராபர் நிமிர்ந்தாள். அவள் பார்வை சுவரில் இருந்தது. செத்தவன் எடுத்து மாட்டிய படங்கள். இருபது முகங்கள். இருபதும் வெளுத்து, காதுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று நிழல்!

பிறகு அந்தக் கடைசி போட்டோவைப் பார்த்தாள்.

"உன் வேலை பொணத்தப் படம் எடுக்கறது. கேஸ் எடுக்கறது இல்ல!" இன்ஸ்பெக்டர் சீறினார்.

"சண்டையே வேணாம்னுதான் சார் சொல்ல வந்தேன். இது செத்தவர் எடுத்ததேதான். எவ்ளோ கேவலமா எடுத்திருக்காரு பாருங்க! நேரா மூஞ்சியில ஃப்ளாஷ். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி!"

கொழுந்தனின் சிரிப்பு நின்றது.

"எது சுண்ணாம்பு?"

"இதுதான். யூனிஃபார்ம் வேற வெளிறிப் போச்சு. முதல் தடவை கேமராவத் தொட்டவன் எடுத்த மாதிரி..."

"கண்ணு இருக்கா உனக்கு?" அவன் பாய்ந்து வந்து கேமராவைக் காட்டினான். "மடிப்பு ஒவ்வொண்ணும் தெரியுது பாரு! நேரா அடிச்சா இப்படித் தெரியுமா?"

"பின்ன எப்படி அடிச்சாராம்?"

"கூரையப் பார்த்துத் திருப்பி அடிச்சது! வெளிச்சம் கூரையில பட்டு மெத்துனு எறங்குது. கண்ணுக்குக் கீழ நிழல் விழும்னு ஃப்ளாஷுக்குப் பின்னாடி வெள்ளை அட்டை வேற சொருகி... வெள்ளைத் துணி வெளிறாம இருக்கப் பவரப் பாதியாக் குறைச்சு..."

"அண்ணன் இவ்ளோ செஞ்சாரா?"

"அந்த முட்டாளா? அவனுக்கு ஃப்ளாஷ் தலை திரும்பும்னே தெரியாது! நான்தான் நாலு தடவை..."

நாக்கு நின்றுவிட்டது.

"அட்டையும் பாதிப் பவரும் இத எடுத்தவனுக்குத்தானே சார் தெரியும்?" என்றாள் போலீஸ் போட்டோகிராபர்.

இன்ஸ்பெக்டர் நர்ஸின் கையை விடச் சொன்னார். விலங்கு கொழுந்தனின் கையில் ஏறியது.

"அப்பா இந்த ஸ்டூடியோவப் போயும் போயும் அவனுக்கு எழுதி வெச்சாரு சார்! வெளிச்சம்னா என்னன்னே தெரியாதவனுக்கு!" அவன் கத்திக்கொண்டே போனான்.

"கொலைகாரப் பாவி..." நர்ஸ் தரையில் சரிந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் போலீஸ் போட்டோகிராபர் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "ஏம்மா... அவன் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டியா?"

"வரிக்கு வரி, சார்."

"கோர்ட்டுல நிக்குமா?"

"அது தெரியாது. ஆனா வெள்ளை அட்டை விஷயம் சூப்பர் சார்! அடுத்த பொணத்துக்கு நிச்சயம் உதவும்!"