செபமாலையின் மறுபாதி

செபமாலையில் ஒவ்வொரு செபத்தின் முதற்பாதியையும் ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வதுதான் வழக்கம். புருசன் ஜேசுரட்ணத்துக்கு அந்தக் கிழமை முழுக்கப் பின்னேர வேலை; அதனால் கொறற்றி தனியே இருந்து இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தேவரகசியத்தில் இருமல் வந்தது. முதற்பாதியோடு நிறுத்தினாள். மறுபாதியை யாரோ சொல்லி முடித்தார்கள்.

பக்கத்து வீட்டு வானொலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றினாள். ஹனோவரில் எந்த வானொலி தமிழில் செபம் சொல்கிறது என்று அதே மனம் திருப்பிக் கேட்டது. கார்த்திகை மாதம், ஐந்து மணிக்கே ஜன்னல் கறுத்துப்போயிருந்தது. ஹீட்டர் குழாய் டக் டக்கென்றது. கீழ்வீட்டு முட்டைக்கோவா அவியும் வாசத்துக்குள், மழையில் நனைந்த சணல் சாக்கின் நாற்றமும் மெல்ல மெல்லக் கலந்து வந்தது.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். மன்னாரில் ஆமி சுற்றிவளைத்த அன்று, கோயில் வளவில், தலையில் சாக்குப் போட்ட ஒருவனைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு துளை. அவன் தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். அவளுடைய தம்பி பென்ஜமினுக்குச் சாக்கு ஆடியது. பென்ஜமின் பிறகு வரவேயில்லை. சாக்குக்குக் கீழே தெரிந்த பாதத்தில் பெருவிரல் நகம் பிளந்திருந்தது. தம்பியோடு பூசைக்கு உதவிசெய்த லூக்காசின் கால்.

அதே லூக்காசும் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, போன மாரியில் முகாம் அறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். 'நரகத்திலை கிட' என்று வாய்விட்டே சொன்னாள் கொறற்றி. அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

போன ஞாயிறு ஜெர்மன் பாதர்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தார். நரகம் உண்டு, ஆனால் கடைசியில் அது வெறுமையாய் இருக்கும் என்று நம்புவோம் என்றாராம். ஜேசுரட்ணம் பஸ்ஸில் வரும்போது விளங்கப்படுத்தினான்.

"அப்ப லூக்காசும் மோட்சத்துக்கோ?"

"எல்லாரும் எண்டால் எல்லாரும்தானே."

"அவன் இருக்கிற மோட்சம் எனக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து, எல்லா ஆத்துமாக்களையும் கரைசேர்க்கும்படி மன்றாடும் இடத்தில், நாக்குக்கு அடியில் இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொண்டாள். லூக்காசைத் தவிர.

அந்த இடம் வந்ததும் இப்போதும் சொன்னாள். பதில் வரவில்லை. ஹீட்டரும் நின்றது.

அடுத்த மணியைப் பிடித்து முதற்பாதியைச் சொன்னாள். மறுபாதி வந்தது. ஒரு குரல் அல்ல. படிக்கட்டு நிறையக் குரல்கள். கதவடியில் வெளிச்சக் கோடு. இரண்டு நிமிடத்தில் தானாக அணையும் படிக்கட்டு விளக்கு, அணையவேயில்லை.

கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

படிக்குப் படி ஆட்கள். அம்மா. ஐயா. கடலில் போன சித்தப்பா. எல்லாருக்கும் முன்னால் பென்ஜமின், கொண்டுபோன அன்றைக்கிருந்த அதே பதினேழு வயதில், நடுங்கிக்கொண்டு. அவன் கை, சாக்குப் போட்ட ஒருவனின் கையைப் பிடித்திருந்தது.

"அக்கா, குளிருது. இவரை விட்டிட்டு எங்களை மோட்சத்துக்குள்ளை எடுக்கமாட்டினமாம். இவரின்ரை பேரையும் சொல்லுங்கோ."

ஐயோ, என் பிள்ளை. தூக்கி வளர்த்த தம்பி. ஒரு பெயர். ஒரேயொரு பெயர்.

வாயைத் திறந்தாள். அவளுக்குள் இருந்த அத்தனை வெறுப்பும் அந்தப் பெயரை மறித்து நின்றது. ஏலாது. தம்பிக்காகவும் ஏலாது.

வெளியே லூக்காஸ் மெதுவாகச் சாக்கைக் கழற்றினான். அழுதழுது வீங்கிய, வெறும் பையனின் முகம்.

"சொல்லுங்கோ, அக்கா. இவரை நரகத்துக்கு அனுப்பிறதோ?"

நாற்றம் மூக்கில் ஏறியது. கன்னத்தில் சணல் உரசியது. விட்ட மூச்சு சூடாக முகத்துக்கே திரும்பியது.

கதவில் இருந்தது ஒரு துளை. அவள் இரண்டு துளைகளால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி காத்து நின்றான்.

அவளுடைய தலை ஆடியது.