முந்திக்கொண்ட எதிரொலி

தையல்காரி கதவைத் தள்ளியபோது கீல் கீச்சிட்டது. கதவு சுவரில் முட்டி நின்ற பிறகும் அந்தக் கீச்சொலி நிற்கவில்லை.

ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கூடத்தின் ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு மாலை வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை, ஒரே ஒரு மேசை விளக்கு, அதன் வெளிச்சம் சரியாக எட்டாத இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த உருவங்கள். கீச்சொலி அவர்களுடைய தொண்டைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது புரிந்ததும் அவளுக்குப் பயம் சற்றுத் தணிந்தது. ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட்ட புதுமாதிரிக் கச்சேரி இதுதானா?

விளக்கருகே நின்ற தாடிக்காரர் கையை உயர்த்தினார். கீச்சொலி அறுந்தது.

"உக்காருங்கம்மா. இங்க எந்தச் சத்தத்தையும் அனாதையா விடமாட்டோம். காதுல விழுந்தா அப்படியே திருப்பிக் கொடுப்போம். அவ்வளவுதான்."

"நான் உக்கார வரலைங்க. என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்தேன். போன வாரம் இங்க வந்தவ, இன்னும் வீடு திரும்பல. அம்மா பச்சைத்தண்ணி குடிக்காமக் கிடக்காங்க."

"யாரும் கட்டிப் போடலையே. முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

"எப்ப முடியும்?"

அவர் வட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து ஒரு பெண் குரல், "கழுத்துல அளவுநாடாவோட வந்துருக்கு. நமக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கப் போகுது போல," என்றது. ஒருத்தி சிரித்தாள். அதே சிரிப்பை, அதே நீளத்தில், எல்லாரும் சிரித்தார்கள்.

தங்கை சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தையல்காரி அவள் பக்கத்தில் குந்தி, கையைப் பற்றினாள். கிணற்றுக் கல் மாதிரிச் சில்லென்றிருந்தது.

"சின்னு, எந்திரிடி. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்குத் தொண்டையே கட்டிப் போச்சு."

வட்டம் அதைத் திருப்பிக் கொடுத்தது. வார்த்தைகளை மட்டுமல்ல. அவளுடைய குரலையே, கடைசிச் சொல்லில் அவளுக்கு எப்போதும் உடைகிற அந்த இடத்தோடு. அம்மாவின் துக்கத்தை ஆளாளுக்கு வாயில் போட்டுக் குதப்பித் துப்பியது போல் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயை மூடுங்க! மனுசங்கதானா நீங்க?"

நாலா பக்கமிருந்தும் அவளே அவளைத் திட்டினாள்.

அப்புறம் எல்லாரும் இருமினார்கள். வறண்ட, குட்டையான இருமல், நடுவில் ஒரு செருமலோடு.

அவள் இருமியிருக்கவே இல்லை.

கம்பளித் தூசி அப்போதுதான் தொண்டையில் ஏறியது. இருமினாள். வறண்ட, குட்டையான இருமல். நடுவில் ஒரு செருமல்.

தற்செயலாக இருக்கும். இருக்கத்தானே வேண்டும். 'ணிங்' என்று எல்லா நாக்குகளும் ஒன்றாக அண்ணத்தைத் தட்டின. அவள் குனிந்தாள், அளவுநாடா கழுத்திலிருந்து நழுவி, அதன் பித்தளை முனை தரையில் பட்டது. ணிங்.

எழப் பார்த்தாள். தங்கையின் பிடி இறுகியது.

"விடுடி, சின்னு!"

"பேசாதக்கா." தங்கை கண் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "அதான் வந்ததும் வாயைத் திறந்துட்டியே. இனி நீ அவங்களுக்கு மனப்பாடம்."

துணி கிழிகிற சத்தம். அவர்கள் வாயிலிருந்து.

அவள் கையை வெடுக்கென்று இழுத்தபடி எழுந்தாள்; தங்கையின் பிடி விடவில்லை. ரவிக்கையின் தோள் தையல், அவள் கையாலேயே இரட்டையாகப் போட்ட தையல், பிரிந்து கிழிந்தது.

முழங்கால்கள் தரையில் மோதுகிற சத்தம்.

வேண்டாம். விழக்கூடாது. சுவரைப் பிடித்தாள். சுவர் வழுக்கியது. விழுந்தாள்.

"அம்மா..." என்றது வட்டம்.

பிடிபடாத கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் அது கசிந்து வந்தது. "அம்மா..."

பிறகு வார்த்தை இல்லை. மூச்சு மட்டும். ஓடி இளைத்த மாதிரி, மேலோட்டமாக, வேகமாக. எல்லா நெஞ்சிலும் ஒரே மூச்சு. தங்கையின் நெஞ்சிலும். தையல்காரியின் மூச்சும் அதன் பின்னாலேயே போனது. பிறகு மெதுவாக. இன்னும் மெதுவாக. உள்ளே. வெளியே. உள்ளே. ஒரு நீண்ட விக்கல்.

வெளியே.

நின்றது.

கூடம் முழுக்க ஒருவருக்கும் மூச்சில்லை. தாடிக்காரர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். வட்டத்து முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. தங்கை கண்ணைத் திறந்தாள், கண்ணீர் வழிந்தது, பிடி தளரவில்லை.

அவர்கள் முன்னாலேயே விட்டு முடித்த அந்தக் கடைசி மூச்சு தையல்காரியின் நெஞ்சுக்குள் இன்னும் இருந்தது. பல்லைக் கடித்து அதை வெளியே விடாமல் வைத்திருந்தாள்.